கருதலளவையும் திண்மநிலைச் சேமிப்பகமும்: செயல்திறன் முன்கணிப்பு ஆய்வுரைகள் பற்றிய ஒரு திறனாய்வு

முன்னுரை

கண்ணாற் காணாத ஒன்றைக் கண்ட ஒன்றின் துணைகொண்டு துணிதல் கருதலளவை எனப்படும். மணிமேகலையில், சமயக் கணக்கர்தம் திறம் கேட்ட காதையில், அளவைவாதி தன் அளவைகளை எடுத்துரைக்குங்கால் கருதலைப் பொது, எச்சம், முதல் என மூன்றாகப் பகுக்கின்றான். கருக்கொண்ட முகிலைக் கண்டு மழை பெய்யும் எனக் கூறுதல் முதல். வெள்ளத்தைக் கண்டு மேற்புறத்தே மழை பெய்தது எனத் துணிதல் எச்சம். காட்டினுள் யானையின் ஒலி கேட்டு ஆங்கு யானை உண்டு என உணர்தல் பொது. முதலாவது காரணத்தினின்று காரியத்திற்குச் செல்வது. இரண்டாவது காரியத்தினின்று காரணத்திற்குத் திரும்புவது. மூன்றாவதன்கண் அத்தகைய உறுதியான தொடர்பு காட்டப்படுவதில்லை. ஒலியும் யானையும் ஒருங்கே இருக்கக் கண்ட பழக்கமே அங்குத் துணையாகின்றது.

இப்பகுப்புச் சமய வாதத்திற்கு மட்டும் உரியதன்று. எத்துறை நூலாயினும், 'இது இவ்வாறு நிகழும்' என முன்னறிந்து கூற முற்படுமாயின், அஃது எவ்வகைக் கருதலால் அவ்வாறு கூறுகின்றது என வினவுதல் திறனாய்வாளர்தம் கடனாகும். இக்கட்டுரையில் நாம் எடுத்துக்கொள்வன இலக்கிய நூல்கள் அல்ல. எஸ்.எஸ்.டி. எனப் பலரும் வழங்கும் திண்மநிலைச் சேமிப்பகத்தின் செயல்திறனை மாதிரி அமைத்து முன்கணிக்கப் புகுந்த கணினியியலாரின் ஆய்வுரைகளே ஈண்டு நம் ஆய்வுப் பொருள்.

தமிழாய்வு இதழில் இதற்கு இடம் யாது என்னும் வினா எழலாம். விடை இரண்டு உண்டு. ஒன்று, வாதத்தின் வலிமையை அளத்தல் உரையாசிரியர் காலந்தொட்டு நம் துறைக்கு உரிய பணியே என்பது. மற்றொன்று, கூட்டி எண்ணியும் ஒப்பிட்டும் ஆசிரியரையும் காலத்தையும் கணிக்கும் பொறிமுறைகள் இன்று நம் துறைக்குள்ளும் புகுந்துவிட்டன என்பது. சரியாகக் கணிப்பதும் உண்மையாக அறிவதும் ஒன்றோ வேறோ என்னும் வினா, கருவிகளைப் பற்றிய இவ்வாய்வுரைகளில் மிகத் தெளிவாக விளங்குகின்றது. தெளிந்த இடத்தில் கற்றுக்கொண்டு கலங்கிய இடத்திற் பயன்படுத்துதல் அறிவுடைமை.

சேமிப்பகத்தின் இயல்பு

திறனாய்வுக்கு முன் பொருளின் இயல்பை அறிதல் வேண்டும். சுழலும் தட்டும் அதன்மேல் நகரும் தலையும் உடைய வன்தட்டில், ஒரு செய்தியை எடுக்க ஆகும் நேரம் பெரும்பாலும் தலை நகரும் நேரமும் தட்டுச் சுழலும் நேரமும் சேர்ந்ததாகும். திண்மநிலைச் சேமிப்பகத்தில் அசையும் உறுப்பு இல்லை. தோஷிபா நிறுவனத்தின் புஜியோ மசுஓகாவும் அவர்தம் குழுவினரும் 1987 இல் அறிவித்த நாண்ட் வகைப் பிளாஷ் நினைவகமே அதன் அடிப்படை. அசையும் உறுப்பு இன்மையால் அதன் போக்கைக் கணித்தல் எளிதாதல் வேண்டும் என நாம் எண்ணுவோம். ஆயின் நிகழ்ந்தது அதற்கு மாறானதே.

பிளாஷ் நினைவகத்திற்கு மூன்று இயல்புகள் உண்டு. முதலாவது, படித்தலும் எழுதுதலும் பக்கம் பக்கமாக நிகழும். அழித்தலோ பல பக்கங்கள் அடங்கிய தொகுதி முழுவதற்கும் ஒருங்கே நிகழும். இரண்டாவது, எழுதிய பக்கத்தின்மேல் அழிக்காமல் மீண்டும் எழுதல் இயலாது. மூன்றாவது, ஒவ்வொரு தொகுதியும் ஓர் எல்லைக்கு உட்பட்ட முறைகளே அழித்தலைத் தாங்கும். காலத்தை நோக்கின், பக்கத்தைப் படிக்கப் பல பத்து மைக்ரோ வினாடிகளும், எழுதப் பல நூறு மைக்ரோ வினாடிகளும், தொகுதியை அழிக்கச் சில மில்லி வினாடிகளும் ஆகும்.

ஆகவே சேமிப்பகத்தின் உள்ளிருக்கும் கட்டுப்படுத்தி, பழைய செய்தியைத் திருத்த வேண்டிய போதெல்லாம் அதனைப் புதிய இடத்தில் எழுதிவிட்டுப் பழைய பக்கத்தைப் பயனற்றதெனக் குறித்துக்கொள்கின்றது. எந்தச் செய்தி எங்கு உள்ளது என்பதற்கு ஓர் அட்டவணையையும் வைத்துக்கொள்கின்றது. வெற்றிடம் குறைந்தவிடத்து, ஒரு தொகுதியைத் தேர்ந்து, அதில் பயனுள்ள பக்கங்களை மட்டும் வேறிடத்துப் பெயர்த்தெழுதிப் பின்னர்த் தொகுதி முழுவதையும் அழிக்கின்றது. சிதைந்த சுவடிக் கட்டில் வேண்டிய ஏடுகளைப் புதிய ஓலையிற் பெயர்த்தெழுதியபின் பழங்கட்டினைக் கழிப்பாரின் செயல் போன்றது இது. இதனைக் கழிவு நீக்கம் எனலாம்.

இதன் விளைவு பெரிது. நூலகர் ஏடு பெயர்த்துக்கொண்டிருக்கும் வேளையில் நூல் கேட்டு வந்தவர் காத்திருத்தல் போல, கழிவு நீக்கத்தின் இடையே வந்த படித்தற் கட்டளை காத்திருக்க நேர்கின்றது. நூறு மைக்ரோ வினாடியளவில் முடிய வேண்டிய பணி சில மில்லி வினாடிகள் தாழ்கின்றது. காத்திருப்பவர்க்கோ உள்ளே நிகழ்வது தெரியாது. ஒரே கட்டளை, ஒரே அளவு, ஒரே கருவி. எனினும் நேற்று ஒரு காலம், இன்று ஒரு காலம். சேமிப்பகத்தின் இன்றைய போக்கு அதன் பழைய வரலாற்றைப் பொறுத்தது. அவ்வரலாறு பெட்டியின் உள்ளே மறைந்து கிடக்கின்றது. இத்துறையின் ஆய்வுரைகள் அனைத்தும் இந்த ஒரு சிக்கலை எதிர்கொண்ட முறைகளே எனலாம்.

முதல்: காரணங்கொண்டு கணித்தல்

வன்தட்டுக் காலத்தில் எழுந்த ஓர் ஆய்வுரையை முதற்கண் நோக்குவோம். ரூம்லர், வில்க்ஸ் என்னும் இருவர் 1994 இல் வன்தட்டு மாதிரியமைப்புக்கு ஓர் அறிமுகம் எழுதினர். அவர்கள் முதலில் மிக எளிய மாதிரியைக் கொண்டனர். பின்னர்த் தலையின் நகர்ச்சி, தட்டின் சுழற்சி, இடைச்சேமிப்பு என ஒவ்வொரு காரணமாகச் சேர்த்தனர். ஒவ்வொன்றைச் சேர்க்குந்தோறும் பிழை எவ்வளவு குறைகின்றது எனக் காட்டினர். சராசரி காலம் ஒத்திருத்தலே போதும் என அவர்கள் கொள்ளவில்லை. உண்மைக் கருவியின் கால விரவலையும் மாதிரியின் கால விரவலையும் இரு வளைகோடுகளாக வரைந்து, அவற்றின் கிடைத் தொலைவினைக் கொண்டு குறையளவு ஒன்றை வகுத்தனர். தன் குறையைத் தானே அளக்கும் அளவுகோலை வகுத்துக்கொண்டு புறப்பட்ட இவ்வுரை இத்துறைக்கு ஓர் இலக்கணமாக அமைந்தது எனலாம்.

திண்மநிலைச் சேமிப்பகத்திற்கு இத்தகைய காரண ஆய்வு வேறொரு வழியாக வந்தது. ரோசன்புளூம், ஔஸ்டர்ஹவுட் என்போர் 1991 இல் கோப்பு முறைமை ஒன்றைப் பற்றி எழுதியபோது, இடத்தைத் துப்புரவு செய்வதால் எழுதும் செலவு எத்துணை மிகும் என்பதற்கு வாய்பாடு ஒன்றைத் தந்தனர். அவர்கள் கருதியது வன்தட்டினை. ஆயினும் அக்கருத்து பிளாஷ் நினைவகத்திற்கு மிகவும் பொருந்தியது. 2009 இல் ஐ.பி.எம். நிறுவனத்தின் சூரிச் ஆய்வகத்தைச் சார்ந்த ஹூவும் பிறரும் 'எழுத்துப் பெருக்கம்' என்பதனை ஆய்ந்து ஓர் உரை வெளியிட்டனர். பயனர் ஒரு பக்கம் எழுதச் சொன்னால் கருவி உண்மையில் எத்தனை பக்கங்கள் எழுதுகின்றது என்பதே எழுத்துப் பெருக்கம்.

எளிய கணக்கால் இதனை விளக்கலாம். 256 பக்கங்கள் கொண்ட தொகுதியில் 192 பக்கங்கள் பயனுள்ளவை எனக் கொள்வோம். அவற்றைப் பெயர்த்தெழுதி அழித்தால் கிடைக்கும் புதிய இடம் 64 பக்கங்களே. 64 பக்கங்கள் புதிதாக எழுதும் பொருட்டு மொத்தம் 256 பக்கங்கள் எழுத வேண்டியதாயிற்று, பெருக்கம் 4. பயனுள்ள பக்கங்கள் பாதியாயின் பெருக்கம் 2. பத்தில் ஒன்பதாயின் 10. நிறைவு சிறிது கூடினும் செலவு பன்மடங்கு கூடுகின்றது. சேமிப்பகம் நிரம்ப நிரம்ப ஏன் திடுமென மந்தமாகின்றது என்பதற்கும், செய்வோர் ஓரளவு இடத்தைப் பயனர்க்குக் காட்டாது ஏன் ஒதுக்கி வைக்கின்றனர் என்பதற்கும் இக்கணக்கே விடை தருகின்றது. முகிலைக் கண்டு மழை உரைத்தல் இதுவே. காரணம் கையில் இருத்தலால், முன்பு கண்டிராத நிலையைப் பற்றியும் இக்கருதல் பேச வல்லதாகின்றது.

2012 இல் டெஸ்னாயர்ஸும் 2013 இல் வான் ஹவுட்டும் இக்கணக்கை மேலும் நுட்பமாக்கினர். பிந்தியவர், தொகுதிகள் எண்ணிறந்தன எனக் கொண்டு, ஒரு சில தொகுதிகளைக் குருட்டாம்போக்காக எடுத்து அவற்றுள் பயனுள்ள பக்கங்கள் குறைந்த ஒன்றை அழிக்கும் முறையை ஆராய்ந்தார். மிகச் சிலவற்றை ஒப்பிட்டுத் தேர்தலே எல்லாவற்றையும் ஒப்பிட்டுத் தேர்தலுக்கு நெருங்கிய பயனைத் தரவல்லது என்பது அவர் வழியால் விளங்குகின்றது. கணிதத்தின் சுருக்கமும் அழகும் இவ்வுரைகளில் உண்டு.

இவற்றின் குறை யாது? எல்லாப் பக்கங்களும் சமவாய்ப்புடன் எழுதப்படுகின்றன என்பது இவ்வகைக் கணக்குகளின் தொடக்கக் கற்பனை. உலகில் எக்கணினியும் அவ்வாறு எழுதுவதில்லை. சில பக்கங்கள் நாள்தோறும் பலமுறை மாறும். சில ஆண்டுக்கணக்கில் மாறா. பிற்கால ஆய்வுரைகள் இவ்வேற்றுமையைக் கணக்கிற் சேர்க்க முயன்றன எனினும், சேர்க்கச் சேர்க்க வாய்பாட்டின் எளிமை குறைந்தது. அகப்பொருளில் நாடக வழக்கும் உலகியல் வழக்கும் உண்டு என்பதனை நாம் அறிவோம். நாடக வழக்கைக் குறை எனக் கூறுவாரில்லை. அதனை உலகியல் எனப் பிறழக் கொள்வாரையே குறை கூறுவோம். அதுபோன்றே சமவாய்ப்பு என்னும் கற்பனையும். அது சராசரிப் பெருக்கத்தை விளக்கும். இக்கணத்தில் வந்த இந்தக் கட்டளை எவ்வளவு காத்திருக்கும் என்பதனைக் கூறாது.

அக்குறையை நிரப்ப எழுந்தனவே செய்நிகர் மென்பொருள்கள். 2008 இல் மைக்ரோசாப்ட் ஆய்வகத்தைச் சார்ந்த அகர்வாலும் பிறரும், வன்தட்டுக்கென இருந்த மென்பொருளை விரித்துத் திண்மநிலைச் சேமிப்பகத்தின் உறுப்புகளை அதனுள் அமைத்தனர். 2018 இல் எம்.க்யூ.சிம் என்னும் மென்பொருளை வெளியிட்டோர், முந்திய மென்பொருள்கள் பல கட்டளை வரிசைகளைக் கருதவில்லை என்றும், நெடுநாள் பயன்பாட்டிற்குப் பிந்திய நிலையைச் சரியாகக் காட்டவில்லை என்றும், ஒரு கட்டளையின் முழுக் காலத்தையும் அளக்கவில்லை என்றும் குறை கண்டனர். முன்னோர் விட்டதைப் பின்னோர் சுட்டும் இம்முறை நன்று. எனினும் செய்நிகர் மென்பொருளில் உள்ள கட்டுப்படுத்தி ஆய்வாளர் எழுதியது. கடையில் வாங்கும் சேமிப்பகத்தில் உள்ளதோ செய்தோர் எழுதி மறைத்து வைத்தது. இரண்டும் ஒன்றே என்பதற்கு உறுதி ஏது?

எச்சம்: விளைவுகொண்டு உள்ளதைத் தேர்தல்

அவ்வுறுதி வேண்டுவோர் வெள்ளத்தைக் கண்டு மழையைத் துணியும் வழியை மேற்கொண்டனர். பூகனிம், யோன்சன், பொன்னே என்னும் மூவர் 2009 இல் யூ.ஃப்ளிப் என்னும் அளவைத் தொகுதியை வகுத்தனர். சிறு சிறு எழுத்து முறைகளையும் படித்தல் முறைகளையும் ஒவ்வொன்றாகக் கருவிக்குக் கொடுத்து, அதன் மறுமொழிக் காலத்தை அளந்து, உள்ளிருக்கும் அமைப்பை உய்த்துணர்தல் அவர்கள் நோக்கம்.

இவ்வாய்வுரையில் நாம் மிகவும் மதிக்கத்தக்கது அவர்கள் கண்ட முறைமைக் குற்றமாகும். புதிதாக வாங்கிய சேமிப்பகத்தில் அளந்தால் ஒரு விடை. முழுதும் எழுதிப் பழகிய சேமிப்பகத்தில் அளந்தால் மற்றொரு விடை. எனவே அளத்தற்கு முன்னர்க் கருவியை ஒரு தெரிந்த நிலைக்குக் கொண்டுவருதல் வேண்டும் என்றும், தொடக்கத்தில் தோன்றும் விரைவைக் கணக்கில் கொள்ளாது நிலைத்த போக்கு வந்தபின் அளத்தல் வேண்டும் என்றும் அவர்கள் வலியுறுத்தினர். பாடவேறுபாடு காண்பார்க்கு இக்கருத்து உடன்பாடாகும். ஏட்டின் வரலாறு அறியாது அதன் பாடத்தை எடை போடுதல் இயலாது என்பதனை அவர்கள் நன்கு அறிவர்.

எச்சத்திற்கு இயல்பாய குறை ஒன்று உண்டு. வெள்ளம் மழையாலும் வரும். அணை திறந்தாலும் வரும். ஒரு காரியத்திற்குப் பல காரணங்கள் அமையக்கூடும். ஒரு சேமிப்பகம் சிறிது நேரம் மந்தமாயிற்று எனின், அது கழிவு நீக்கத்தாலோ, இடைச்சேமிப்பு நிரம்பியதாலோ, தேய்மானத்தைச் சமன்செய்யச் செய்தியை இடம் மாற்றியதாலோ, வெப்பம் மிகுந்து கருவி தன் விரைவைக் குறைத்துக்கொண்டதாலோ இருக்கலாம். வெளியிலிருந்து நோக்குவார்க்கு நான்கும் ஒரு தன்மையனவே. மேலும், செய்தோர் உள்நிரலை மாற்றினால் நேற்றுத் துணிந்த முடிபு இன்று பொய்க்கும். எச்சத்தால் துணிந்தவர் தம் முடிபின் அருகே கருவியின் பெயரையும் உள்நிரலின் பதிப்பையும் எழுதி வைத்தல் இன்றியமையாதது. அவ்வாறு எழுதாத ஆய்வுரை பதிப்பு விவரம் கூறாத மேற்கோளை ஒத்தது.

பொது: பழக்கங்கொண்டு உரைத்தல்

உள்ளே நிகழ்வதை அறியும் முயற்சியையே விட்டுவிட்டு, வெளியே தெரிவனவற்றைக் கொண்டு மட்டும் கணிக்கலாம் என்போர் மூன்றாம் வகையினர். ஹுவாங், லீ, சலாய், தெர்சிஸ் ஆகியோர் 2011 இல் வெளியிட்ட ஆய்வுரையில் சேமிப்பகம் ஒரு மூடிய பெட்டியாகவே கொள்ளப்படுகின்றது. படித்தலுக்கும் எழுதுதலுக்கும் உள்ள விகிதம், ஒருங்கே காத்திருக்கும் கட்டளைகளின் எண்ணிக்கை, கட்டளையின் அளவு, இடங்கள் தொடர்ந்து வருகின்றனவா சிதறி வருகின்றனவா என்பன போன்ற புறப்பண்புகளைக் கொண்டு, கிளை கிளையாகப் பிரிந்து செல்லும் மரவடிவக் கணிப்பு முறை ஒன்றினால் காலத்தையும் விரைவையும் அவர்கள் முன்னுரைக்கின்றனர். கிளைகளைப் பின்பற்றிச் சென்றால் எப்பண்பு எங்கே முடிவைத் திருப்பியது என்பதனையேனும் காணலாம். அந்த அளவில் இம்முறை நூலுக்குரிய ஒழுங்கை இழக்கவில்லை.

2020 இல் ஹாவோவும் பிறரும் வெளியிட்ட லின்.ஓ.எஸ். என்னும் ஆய்வுரை இவ்வகையின் உச்சியில் நிற்கின்றது. அவர்கள் வினாவையே சுருக்கினர். இக்கட்டளை எத்தனை மைக்ரோ வினாடி கொள்ளும் என அவர்கள் வினவவில்லை. விரைவாக முடியுமா, மந்தமாக முடியுமா என்னும் ஈரடி வினாவையே எழுப்பினர். அதற்கு விடை காணச் சிறியதொரு செயற்கை நரம்பு வலையை அமைத்தனர். இப்பொழுது காத்திருக்கும் கட்டளைகளின் எண்ணிக்கை, அண்மையில் முடிந்த நான்கு கட்டளைகளின் காலம், அவை வந்தபோது காத்திருந்தவற்றின் எண்ணிக்கை ஆகியவை மட்டுமே அவ்வலைக்கு ஊட்டப்பெறுகின்றன. 87 முதல் 97 விழுக்காடு வரை கணிப்புச் சரியாயிற்று என்றும், ஒரு கட்டளைக்குக் கணிக்க ஆகும் நேரம் 4 முதல் 6 மைக்ரோ வினாடியே என்றும் அவர்கள் உரைக்கின்றனர். மந்தமாகும் எனக் கணித்த கட்டளையை அதே செய்தியின் மறுபடி உள்ள வேறொரு சேமிப்பகத்திற்கு அனுப்பிவிடலாம்.

இது யானையின் ஒலி கேட்டு விலகிச் செல்லும் வழிப்போக்கரின் அறிவு. யானை எத்தகையது, ஏன் முழங்கிற்று என்பன அவர்க்கு வேண்டா, விலகுதலே வேண்டும். இப்பயனை நோக்கின் லின்.ஓ.எஸ். சிறந்த படைப்பு என்பதில் ஐயமில்லை. பிழைகளுக்குள்ளும் அவர்கள் வேறுபாடு கண்டனர். விரைவானதை மந்தம் எனப் பிழைபடக் கூறினால் கட்டளை வேறிடம் செல்லும், இழப்புச் சிறிது. மந்தமானதை விரைவு எனப் பிழைபடக் கூறினால் பயனர் அங்கேயே காத்திருப்பர், இழப்புப் பெரிது. ஆதலின் இரண்டாவது பிழை குறையுமாறு வலையைப் பயிற்றினர். எப்பிழை யாரைத் தாக்கும் என்று எண்ணி அமைத்த இச்செயல், ஒரே விழுக்காட்டால் தம் வெற்றியைக் கூறி அமைவார்க்கு நல்ல பாடமாகும்.

எனினும் நாம் இரண்டு தடைகளை எழுப்புதல் வேண்டும். முதலாவது, 'மந்தம்' என்னும் சொல்லின் பொருள் பற்றியது. விரைவுக்கும் மந்தத்திற்கும் இடைப்பட்ட எல்லை, அளந்த காலங்களின் வளைகோடு திரும்பும் இடத்தைக் கொண்டு வகுக்கப்படுகின்றது. எனவே கருவி மாறினாலும் பணி மாறினாலும் அச்சொல்லின் பொருளும் மாறும். ஒரு கருவியில் 97 என்பதும் மற்றொன்றில் 87 என்பதும் ஒரே வினாவுக்கு உரிய விடைகள் அல்ல. சொல் ஒன்றாக இருத்தலால் பொருளும் ஒன்றே என மயங்குதல் கூடாது.

இரண்டாவது தடை வலிமையுடையது. கணிப்புச் சரியாகுங்கால் ஏன் சரியாயிற்று என்றோ, தவறுங்கால் ஏன் தவறிற்று என்றோ இம்முறை தானே கூறாது. எழுத்துப் பெருக்க வாய்பாடு பொய்க்குமிடத்து எக்கற்பனை பொய்த்தது என நாம் சுட்டலாம். யூ.ஃப்ளிப்பின் முடிபு பொய்க்குமிடத்துக் கருவியின் நிலை மாறிற்றா என மீண்டும் சோதிக்கலாம். நரம்பு வலை பொய்க்குமிடத்து மீண்டும் பயிற்றலாம், அவ்வளவே. அளவைவாதி பொதுவினை மற்ற இரண்டினின்றும் வேறாக வைத்த கருத்து இங்கு நன்கு விளங்குகின்றது. அதுவும் கருதலே, பொய்யன்று. ஆயினும் அது தாங்கும் சுமை குறைவு.

செய்தோர் உரை

கருதலுக்கு அப்பாற்பட்ட வேறோர் அளவையும் உண்டு. அறிந்தோர் சொல்லைக் கொள்ளுதல் அது. சேமிப்பகத்தைப் பொறுத்தமட்டில் அறிந்தோர் அதனைச் செய்தோரே. அவர்கள் வெளியிடும் விவரத்தாளில் ஒரு வினாடிக்கு இத்தனை கட்டளைகள் என்னும் எண் காணப்படும். எந்த நிலையில் அளந்த எண் அது என்பதனைக் கூறாதவிடத்து அச்சொல்லால் பயனில்லை. இதனை உணர்ந்தே சேமிப்புத் தொழில்துறையின் பொதுக் கழகமாகிய ஸ்னியா ஓர் அளவை விதியை வகுத்தது. அவ்விதிப்படி முதலில் கருவியைத் துடைத்து, பின்னர் எழுதிப் பழக்கி, நிலைத்த நிலை வந்தபின்னரே அளத்தல் வேண்டும். ஐந்து சுற்றுகளில் அளந்த எண்களின் ஏற்றத்தாழ்வு சராசரியில் 20 விழுக்காட்டிற்குள்ளும், அவற்றின் சாய்வு 10 விழுக்காட்டிற்குள்ளும் அடங்கினால் அது நிலைத்த நிலை எனப்படும். சான்று கூறுவோர்க்கு முறை வகுத்த இச்செயல் பாராட்டிற்குரியது.

இங்கு ஒரு செய்தியை நாம் குறிப்பிடுதல் வேண்டும். 2009 இல் விளைவுகொண்டு உள்ளதைத் தேர முயன்ற மூவருள் ஒருவராகிய பொன்னே, 2017 இல் பியோர்லிங், கொன்சாலஸ் என்போருடன் சேர்ந்து லைட்.என்.வி.எம். என்னும் ஆய்வுரையை வெளியிட்டார். அதன் நோக்கம் உய்த்துணர்தல் அன்று. சேமிப்பகத்தின் உள்ளமைப்பைக் கணினிக்கு வெளிப்படையாகக் காட்டி, எச்செய்தியை எங்கு வைப்பது, எப்பொழுது அழிப்பது என்பனவற்றைக் கணினியே தீர்மானிக்கச் செய்தலே அதன் நோக்கம். மறைத்ததை ஊகிப்பதினும் மறைப்பை நீக்குதல் நன்று என்னும் கருத்து ஆண்டு எழுகின்றது. 2020 இல் என்.வி.எம்.இ. விதிமுறையிற் சேர்ந்த மண்டல முறையும் அவ்வழிப்பட்டதே. அதில் ஒவ்வொரு மண்டலத்தையும் கணினி வரிசையாகவே எழுத வேண்டும். வேண்டாதபோது தானே முழுவதையும் கழிக்க வேண்டும். இதனால் பெட்டியினுள் அறியாமல் நிகழும் பெயர்த்தெழுதுதல் பெரிதும் தவிர்க்கப்படுகின்றது. கணிக்க முடியாமைக்கு இயற்கை காரணமன்று, மறைப்பே பெருங்காரணம் என்பதற்கு இதனின் வேறு சான்று வேண்டுவதில்லை.

முடிபு

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்குமிடத்து, இத்துறை முதலினின்று எச்சத்திற்கும், எச்சத்தினின்று பொதுவிற்கும் நகர்ந்து வந்துள்ளது எனக் கூறத் தோன்றும். இதனை வளர்ச்சி எனப் பலரும் கருதுவர். நாம் அவ்வாறு கருதவில்லை. மழை பற்றிய அறிவு முற்றியதால் முகில் நோக்குதலைக் கைவிட்டவர் எவருமிலர். முகில் மறைக்கப்பட்டமையால் ஒலி கேட்கத் தொடங்கினர். மூடிய பெட்டி என்பது பொருளின் இயல்பன்று, வணிகத்தின் ஏற்பாடு. அவ்வேற்பாட்டை இயற்கை போலக் கொண்டு, அதனுள் நூற்றுக்கு இத்தனை சரி என மகிழ்தல் ஆய்வின் எல்லையைத் தானே குறுக்கிக்கொள்வதாகும்.

இதனால் பொதுவினை விலக்குக என்பது நம் கருத்தன்று. விலகிச் செல்ல வேண்டியவர்க்கு ஒலியே போதும். பல இலட்சம் கட்டளைகள் நொடிதோறும் வரும் இடத்தில் காரணம் ஆராய நேரமும் இல்லை. ஆயின் ஒவ்வோர் ஆய்வுரையும் தான் எவ்வகைக் கருதலால் பேசுகின்றது என்பதனை வெளிப்படையாகக் கூறுதல் வேண்டும். முதல் தன் கற்பனையைக் கூறுக. எச்சம் தான் கண்ட கருவியின் நிலையைக் கூறுக. பொது தன் பயனின் எல்லையைக் கூறுக. இம்மூன்றும் கூறப்பெற்றால் ஒன்றன் குறையை மற்றொன்று நிரப்பும். ரூம்லரும் வில்க்ஸும் 1994 இல் காட்டிய நேர்மை இதுவே. கருவிகள் மாறினும் அவ்வளவுகோல் பழையதாகவில்லை.

நம் துறை மாணவர்க்கும் இதனுள் ஒரு பயன் உண்டு. சொற்களின் அடுக்கையும் விகுதிகளின் எண்ணிக்கையையும் பொறியில் இட்டு, இப்பாடல் இவருடையது, இந்நூல் இக்காலத்தது எனக் கூறும் முயற்சிகள் பெருகிவருகின்றன. அவை பொதுவின்பாற்பட்டவை. அவை யானை உண்டு என்று உரைக்கலாம். அவ்வளவில் நாம் நன்றியுடன் செவி சாய்ப்போம். ஆனால் அம்முடிபைக் கொண்டு ஒரு நூலின் காலத்தை நிறுவ முற்படுவோர், மொழி ஏன் அவ்வாறு மாறிற்று என்னும் காரணத்தையும், ஏடு எவ்வழி வந்தது என்னும் வரலாற்றையும் உடன் காட்டுதல் கடன். பலரால் பன்முறை பெயர்த்தெழுதப்பட்டு வந்த பாடத்தில் எண்ணிக்கையைத் திரித்தவர் புலவரோ, பெயர்த்தெழுதியவரோ என்பதனை எண்ணிக்கையே கூறாது. அதனை அறியக் கட்டினைப் பிரித்து ஏட்டினைப் பார்த்தலே வழி.